மீனாம்பிகை அணைக்காத எஞ்சின்

மீனாம்பிகை கொடிகாமத்தில் வாடகைக் கார் ஓடுகிறவள். கணவர் பஞ்சலிங்கத்துக்குக் கை முறிந்த வருடம் ஓடத் தொடங்கியவள், கை பொருந்திய பிறகும் விடவில்லை. காலையில் அவர், பின்னேரம் அவள். அவர்களுடைய மொறிஸ் மைனர், ஊர்க் கார்கள் எல்லாவற்றையும்போல, மண்ணெண்ணெயில் ஓடியது. எஞ்சினை எழுப்பக் கொஞ்சம் பெற்றோல் ஊற்ற வேண்டும். சூடேறிவிட்டால் மண்ணெண்ணெய் போதும். ஆறவிட்டால் மறுபடி பெற்றோல் கேட்கும். போர்க்காலத் தடையில் பெற்றோலோ மருந்துக்கும் கிடையாது. ரயர் அதைவிட மோசம். அவளுடைய ரயர்கள் மொட்டைத் தலைபோல வழுவழுத்திருந்தன. அவை போனால் தொழிலும் போகும்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தையில் சண்டை ஓய்ந்திருந்தபோது, கார்க்காரர் சங்கம் நீண்ட நேர ஓட்டப்போட்டி வைத்தது. மூன்று ஊரில் மூன்று ஓட்டம். ஒவ்வொன்றிலும் நாலு மணித்தியாலம் வயல் வீதியைச் சுற்ற வேண்டும். கூடிய சுற்று ஓடியவருக்குக் கூடிய புள்ளி. ஒரு காருக்கு இரண்டு சாரதிகள், மாறி மாறி ஓட வேண்டும். பெற்றோல் இரண்டே தரம் தருவார்கள்: தொடக்கத்தில் ஒன்று, நடுவில் எண்ணெய் நிரப்ப நிறுத்தும்போது ஒன்று. கடைசி விசிலின்போது ஓடிக்கொண்டிருக்காத காருக்குப் புள்ளியே இல்லை. மூன்று ஓட்டத்திலும் சேர்த்து முதலாவதாக வருபவருக்கு நாலு புது ரயர்.

மற்றவர்கள் பறந்தார்கள். மீனாம்பிகை ஆஸ்பத்திரிக்கு நோயாளியை ஏற்றிப்போகிறவள்போல ஓடினாள். ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார் வைத்திருந்த கந்தப்பு, முந்திப் போகும்போது தலையை நீட்டினார்.

"என்ன தங்கச்சி, பிள்ளையாருக்குச் சில்லுப் பூட்டினமாதிரி ஊருறாய்?"

"மாம்பழம் ஆருக்குக் கிடைச்சது அண்ணை?"

முதல் இரண்டு ஓட்டத்திலும் பறந்த கார்கள் கொதித்து நின்றன. அவள் புள்ளியில் முன்னுக்கு வந்தாள். மீசாலையில் நடந்த மூன்றாவதை ஓடி முடித்தாலே ரயர் அவளுக்கு.

கடைசி ஒரு மணித்தியாலம் இருக்க, ஓடிக்கொண்டிருந்த பஞ்சலிங்கம் காரை அவளிடம் மாற்றிக் கொடுக்க வந்தார். எண்ணெய் மிச்சம் பிடிக்கிற வாடகைக் கார்க்காரரின் பழக்கம் கையில் ஊறியிருந்தது. தரிப்பிடம் கண்ணில் பட்டதுமே எஞ்சினை அணைத்துவிட்டு, உருண்டு வந்து நின்றார். நின்ற பிறகுதான் உறைத்தது. பெற்றோல் இரண்டு தரமும் முடிந்திருந்தது.

"மீனா, நான்..."

மீனாம்பிகை சூடு பறக்காமல் றேடியேற்றருக்கு முன்னால் சாக்கைச் செருகிவிட்டு உள்ளே ஏறினாள். வேறு யாரும் தொடக்கூடாது, கூட ஓடுகிறவர் மட்டும் தள்ளலாம் என்பது சட்டம்.

"இஞ்சருங்கோ, தள்ளுங்கோ. நான் சொல்லுமட்டும் நிப்பாட்டாதேங்கோ."

அவர் தள்ளினார். இரண்டாம் கியரில் விட்டாள். கார் குலுங்கியதே தவிர எழும்பவில்லை. மறுபடி தள்ளினார். அவருடைய செருப்பு ஒன்று பின்னால் கிடந்தது. மூன்றாந்தரம் எஞ்சின் இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அவள் எதற்கும் அசையவில்லை. கந்தப்பு சுற்றுக்கு மேல் சுற்றாக முந்தினார். ஆட்டுப்பட்டி ஒன்று வீதியைக் குறுக்கறுத்தபோதுகூட, எஞ்சின் தணியாமல் ஒரு காலால் உறுமவிட்டபடி காத்திருந்தாள். விசில் ஊதியபோது அன்றைய ஓட்டத்தில் மூன்றாவது. மொத்தப் புள்ளியில் முதலாவது.

பரிசு கொடுக்க மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் இறங்கவில்லை.

"இறங்கினா இது நிண்டுபோம். பிறகு கொடிகாமம் வரைக்கும் ஆர் தள்ளுறது?"

சங்கத் தலைவரே மாலையோடு காரடிக்கு வந்து யன்னலுக்குள்ளால் நீட்டினார். அவள் ஒரு கையால் வாங்கி, பக்கத்தில் வந்து ஏறியிருந்த பஞ்சலிங்கத்தின் மடியில் வைத்தாள். கூரையில் நாலு ரயரையும் கட்டி முடிக்கும்வரை அவளுடைய கால் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டே இருந்தது.