லூடி கேகிளின் ஐந்தாவது மனு

கோலா பாட்டிலுக்குள் ஒரு பிடி உப்புக் கடலையைக் கொட்டி, நுரை பொங்கி வழிவதற்குள் வாய் வைத்துவிடுவாள். கிராண்ட் ஜூரி கூடுகிற நாளெல்லாம் எங்கள் நீதிமன்ற நடைபாதை பெஞ்சில் லூடி கேகிளின் காலைச் சாப்பாடு இதுதான். எதிரே சாத்திய கதவு. உள்ளே ஊர்க்காரர் பதின்மூன்று பேர், யார்மீது வழக்குத் தொடரலாம், யாரை விட்டுவிடலாம் என்று ரகசியமாக முடிவு செய்துகொண்டிருப்பார்கள்.

வயது அறுபத்து மூன்று. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள், முப்பத்தைந்து வருடமாக அதே மலைப்பாதையில். இந்த மாவட்டத்தில் பாதிப் பேர் அவள் வண்டியில் போய்ப் படித்தவர்கள். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். உட்கார்ந்த இடம்தான் பெயர். இடுப்பில் துப்பாக்கியோடு விறைப்பாக நிற்கும் நீதிமன்றக் காவலரைப் பார்த்து, "டேய் கடைசி சீட்டு, இன்னும் சூயிங்கம்மை சீட்டுக்கு அடியில ஒட்டுறியா?" என்பாள். ஆறடி ஆள், "இல்லீங்கம்மா" என்று நெளிவார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம்.

ஆனால் லூடி அங்கே சிரிக்க வரவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்பு அவள் மகள் ராண்டா காணாமல் போனாள். "எவனோ லாரிக்காரனோட டெக்சஸ் போயிட்டா. கைப்பை, மூக்குக் கண்ணாடி எல்லாம் எடுத்துட்டுத்தான் போனா" என்றான் மருமகன் டோய்ல் ஹென்ஸ்லி. அவனோடு மான் வேட்டைக்குப் போகிற, மாவட்டப் போலீசுக்குத் தலைவரான அன்றைய ஷெரிஃப் அதை அப்படியே எழுதிக்கொண்டார். வயது வந்த பெண், தானாகப் போனாள், கோப்பை மூடு. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் டென்னசி மாநிலத்தில் ஒரு வழக்கம் உண்டு. குற்றம் நடந்தது தெரிந்த எவரும் கிராண்ட் ஜூரியின் தலைவருக்கு நேரே மனு எழுதி, என்னைக் கூப்பிட்டு விசாரியுங்கள் என்று கேட்கலாம். லூடி நான்கு முறை எழுதினாள். நான்கையும் தள்ளிவிட்டார்கள்.

அதே நடைபாதையைப் பார்த்தபடி பத்திரப் பதிவு அறையில் என் மேசை. நான்காவது மனு திரும்பிய அன்று அதைப் பிடுங்கிப் படித்தேன். ஆறு பக்கம்! டோய்லின் குடி, அவன் அப்பனின் குடி, கல்யாணத்தன்று அவன் போட்டிருந்த அழுக்குச் சட்டை, எல்லாம் இருந்தது. ஐந்தாம் பக்கத்தின் அடியில் போகிற போக்கில் ஒரு வரி: ராண்டா போனதாகச் சொன்ன நாளுக்கு மறுநாள் காலை, டோய்ல் வேலிக்குப் பின்னால் பொக்லைன் வைத்து, பழைய நிலத்தடி மழைநீர்த் தொட்டியை மண் தள்ளி மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

எனக்கு வந்ததே கோபம்! "ஏண்டி, உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? இதைப் போய் அவன் அப்பன் குடிச்ச கதைக்குக் கீழே போட்டு வச்சிருக்கியே!"

"அப்பவே போலீஸ்ல சொன்னேன்டி. அவன் தொட்டி, அவன் மூடறான், உனக்கென்னன்னு சிரிச்சாங்க. அப்புறம் எனக்கே அது பெரிசாத் தோணலை."

"நீ நினைச்சது, திட்டறது ஒண்ணும் வேணாம். கண்ணால பார்த்ததை மட்டும் எழுது."

திட்டாமல் எழுத அவளுக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஐந்தாவது மனு மூன்றே வரி. அந்த வாரமே கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே நடப்பதை வெளியே சொல்லக்கூடாது என்கிற கட்டுப்பாடு ஜூரிகளுக்குத்தான், சாட்சிக்கு இல்லை. லூடி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா? "ஒருத்தன் கேக்கறான், ஆறடி வேலியாச்சே, அதுக்கு அந்தப் பக்கம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு. நான் சொன்னேன், ரெண்டாம் சீட்டு, உன்னைப் பன்னெண்டு வருஷம் பஸ்ஸுல எவ்வளவு உசரத்துல உட்கார்ந்து கூட்டிக்கிட்டுப் போனேன்னு மறந்துட்டியாடா?"

அரசு வழக்கறிஞர் ஆணை வாங்கித் தொட்டியைத் தோண்ட வைத்தார். ராண்டா அங்கே இல்லை. டெக்சஸ் போனதாகச் சொன்ன கைப்பை இருந்தது. அதற்குள் அவள் மூக்குக் கண்ணாடி. அன்று லூடி யாரையும் எந்த சீட்டு என்றும் கூப்பிடவில்லை.

உடல் கிடைக்காமல் கொலை வழக்கு நிற்குமா என்று ஊரே பேசியது. பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் சம்மதிக்க வேண்டும். இரண்டு பேர் தயங்கினாலும் போதும், டோய்ல் வீட்டு வாசலில் காலை நீட்டிக்கொண்டு பியர் குடிப்பான்.

போன செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டரைக்கு, டோய்லைப் பிடித்தாயிற்று என்று தகவல் வந்த பிறகு, நீதிமன்ற எழுத்தர் வெளியே வந்து அறிவித்தார்: ராண்டா ஹென்ஸ்லியைக் கொன்றதாக டோய்ல்மீது குற்றச்சாட்டு. நடைபாதை முழுக்கக் கைதட்டல். கடைசி சீட்டு தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார். நான் ஓவென்று அழுதேன், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. லூடி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஜெயிச்சுட்டோம்டி! என் பொண்ணு எங்கேயும் ஓடிப்போகலைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்கடி!" உடனே கடிகாரத்தைப் பார்த்தாள். "ஐயோ, பள்ளிக்கூடம் விடற நேரம்" என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மூன்றேகாலுக்கு அவளுடைய மஞ்சள் பேருந்து நீதிமன்றத்துக்கு எதிரே வந்து நின்றது. எதிர்ப்பக்கமிருந்து புது ஷெரிஃபின் கார் வந்தது. பின்னிருக்கையில் விலங்கோடு டோய்ல். லூடி சிவப்பு விளக்குகளைப் போட்டு, வண்டியின் பக்கவாட்டில் 'நில்' பலகையை நீட்டினாள். அது நீண்டிருக்கும்வரை இரு பக்கமும் எந்த வண்டியும் அசையக்கூடாது, ஷெரிஃபாகவே இருந்தாலும். ஒரு சிறுமி இறங்கி, சாலையைக் கடந்து, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு முனை திரும்பியே விட்டாள். பலகை மடங்கவில்லை. பின்னால் ஏழெட்டுக் கார்கள். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. டோய்ல் குனிந்தே உட்கார்ந்திருந்தான். லூடி ஜன்னலைத் தள்ளித் திறந்து, முழங்கையை ஊன்றிக்கொண்டு அவனையே பார்த்தாள். அவன் தலை தூக்கி அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் பலகையை மடக்கி, கியரைப் போட்டாள்.