ஏறாத மாடி

எண்பதுகளின் தொடக்கத்தில் தேனியில் ஒருவர் மாடிக் கட்டடத்தில் கடைகள் கட்டி, பங்கு சேர்த்து, மாதாமாதம் வாடகையைப் பிரித்துக் கொடுத்தார். ஏலக்காய் தரம் பிரித்துச் சேர்த்த பணம் முழுவதையும் அதில் போடலாமா என்று பக்கத்து வீட்டு ராசம்மாள் அக்கா கேட்டார். நான் மில் கணக்கர்.

அவருடைய பேரேட்டை வாங்கிப் பார்த்தேன். வாடகை என்று எழுதிய வரவும் புதிய பங்குப் பணமும் ஒரே கணக்கில் கலந்திருந்தன. விசாரிக்கவில்லை.

"வருசாவருசம் வீரபாண்டி கோயில்ல அக்கினிச்சட்டி எடுக்காக. அவுக ஏமாத்துவாகளா? போடுங்கக்கா" என்றேன்.

ஆறே மாதத்தில் வாடகை நின்றது. அப்போதுதான் அந்தக் கட்டட மாடிக்குப் போனேன். அத்தனை கடையும் பூட்டிக் கிடந்தன. ஒன்றுகூட வாடகைக்குப் போனதே இல்லையாம். புதிதாகச் சேர்ந்தவர்கள் பணத்தைத்தான் வாடகை என்று கொடுத்திருக்கிறான்.

"மேல ஏறிப் பாத்துட்டுத்தான் சொல்லியிருப்பேன்னு நெனச்சேன் தம்பி" என்றார் அக்கா. பார்வை மங்கிய பிறகும் ஏலக்காய் பிரிக்கப் போனார்.

அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. படியேறச் சோம்பல்பட்டுவிட்டு, அதற்குப் பக்தி என்று பேர் வைத்தவன் நான்.