பாலத்துக்கு முன்னாலேயே நன்றி

மலேசியாவின் கிள்ளானில் பேருந்துக்குக் காத்து நிற்கிறேன். பக்கத்து வேலியில் புத்தம்புது பேனர்: ‘நடைபாலம் கட்டித் தந்த வைபிக்கு நன்றி! – குடியிருப்பாளர் குழு.’ வைபி என்றால் இங்கே சட்டமன்ற உறுப்பினர். சாலையைப் பார்க்கிறேன். லோரிகளுக்கு நடுவே பள்ளிப் பிள்ளைகள் கைகோத்து ஓடிக் கடக்கிறார்கள். பாலத்தைத்தான் காணோம்.

“பாலம் எங்கே அக்கா?” என்கிறேன், நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் விற்கும் பெண்ணிடம். அவர்தான் குழுவின் செயலாளராம்.

“இன்னும் கட்டல லா. இந்த பஸ் ஸ்டாப் கூரைக்கு எத்தனை மனு போட்டோம் தெரியுமா? பதிலே இல்ல. கடைசியில நன்றின்னு ஒரு பேனர் கட்டினோம். பாத்தவங்க எல்லாம் அவருக்கு போன் போட்டுப் பாராட்டிட்டாங்க. அப்புறம் கட்டாம இருக்க முடியுமா?”

தலைக்கு மேலே பளபளவென்று நீலக் கூரை. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒரு கார் ஓரமாக நிற்கிறது. வைபி அலுவலகத்து இளைஞர் இறங்கி, பேனரைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிகிறார்.

“ஆன்டி, எந்தப் பாலம் இது?”

“அத நீங்கதான் சொல்லணும் தம்பி,” என்று அவரிடம் ஒரு பொட்டலத்தை நீட்டுகிறார் அக்கா. “நாங்க நன்றி சொல்லி முடிச்சிட்டோம்.”