ஜீரோ கட்டணத்துக்குப் பணம் கட்டியது யார்?

போன வாரம் தருவைகுளத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் போனை என் கையில் கொடுத்தாள். ஒரு சந்தேகமாம்.

அக்காவும் பக்கத்து வீட்டு டீச்சரும் ஒரே மியூச்சுவல் ஃபண்டில், ஒரே தொகையை, ஒரே மாதத்திலிருந்து கட்டி வருகிறார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. டீச்சர் பணம் கூடுதலாக வளர்ந்திருக்கிறது. எப்படி?

அக்காவுக்கு இது வெறும் சந்தேகம் இல்லை. அத்தானுக்கு இடுப்பு போய்விட்டது. வலை இழுத்துவிட்டுக் கரைக்கு வந்தால், கொஞ்ச நேரம் தரையில் படுத்துக் கிடந்தால்தான் நிமிர முடிகிறது. வருகிற கிறிஸ்துமஸோடு கடலை விட்டுவிடுங்கள், இந்தப் பணத்திலிருந்து பென்ஷன் மாதிரி மாதாமாதம் எடுத்துக்கொள்ளலாம் என்று அக்கா சொல்லி வைத்திருக்கிறாள். அத்தானும் நம்பி, ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

டீச்சர் வைத்திருக்கும் ஆப்பையும் அக்காவின் ஆப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஃபண்டின் பெயர் ஒன்றுதான். ஆனால் பெயருக்குப் பின்னால் டீச்சருடையதில் 'டைரக்ட்', அக்காவுடையதில் 'ரெகுலர்'. டைரக்ட் என்றால் நேராகப் போடுவது. ரெகுலர் என்றால் நடுவில் ஓர் ஆள். அந்த ஆளுக்கு வருடாவருடம் கமிஷன். லாபம் வந்தாலும் உண்டு... நஷ்டம் வந்தாலும் உண்டு!

அக்காவின் ஆப்பில் பச்சை எழுத்தில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? 'ஜீரோ கட்டணம்.'

சரி, எந்த ஆப்பில்தான் கட்டணம் குறைவு என்று ஒப்பிட உட்கார்ந்தேன். ஒன்று பராமரிப்புக் கட்டணம் என்கிறது. இன்னொன்று பிளாட்ஃபார்ம் கட்டணம் என்கிறது. மூன்றாவது, சதவீதம் மட்டும் சொல்கிறது — எதில் சதவீதம் என்று சொல்லவில்லை. ஒருவன் மீனைக் கிலோவில் விற்கிறான், ஒருவன் கூறு போட்டு விற்கிறான், ஒருவன் பெட்டியோடு விற்கிறான் என்றால் எதை வைத்து விலை கேட்பது? ஒப்பிட்டுக் காட்டுவதற்கென்றே வெப்சைட்டுகள் இருக்கின்றன. நாம் அங்கே கணக்குத் தொடங்கினால் அவர்களுக்கும் கமிஷனாம்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அக்கா என்ன ஏமாளியா? கடற்கரை ஏலத்தில் அவளிடம் யாரும் தப்ப முடியாது. அத்தான் கொண்டுவரும் மீனை ஏலம் விடுகிற அண்ணாச்சி, எல்லார் கண்ணெதிரிலும் தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கையில் வைப்பார். அக்காவும் தினம் தவறாமல், "பட்டப்பகல் கொள்ளைல்லா அண்ணாச்சி இது" என்று சண்டை பிடிப்பாள். கமிஷன் என்றால் அவளுக்கு அதுதான். கைக்கு வருவதற்கு முன்னால், கண் முன்னால் பிடிப்பது.

அதனால் இங்கேயும் அதைத்தான் தேடியிருக்கிறாள். கட்டின பணம் முழுசாகப் போயிருக்கிறதா? போயிருக்கிறது. எங்கேயாவது பிடித்தமா? இல்லை. அப்படியென்றால் கமிஷன் இல்லை. கடற்கரையில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். அந்த நம்பிக்கையை வைத்துத்தானே வியாபாரம் செய்கிறார்கள்!

திங்கட்கிழமை தூத்துக்குடியில், அக்காவின் ஆப்பை நடத்துகிற கம்பெனியின் ஆபீஸுக்குப் போனோம். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. உங்களுக்குத்தான் தெரியுமே — அதனால்தான் எழுதுகிறேன். அக்காதான் கேட்டாள். மேனேஜர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். எங்களுக்கு டீ சொன்னார்.

"உங்ககிட்ட நாங்க ஒரு ரூபாகூட வாங்கலையே மேடம். ஃபண்டுல இருந்துதான் எங்களுக்குக் கொடுக்காங்க."

"அந்த ஃபண்டுல கெடக்கது யாரு துட்டு தம்பி?"

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். இதெல்லாம் டாக்குமெண்டில் தெளிவாக இருக்கிறது என்றார். இருக்கிறதுதான். ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். ஜீரோ மட்டும் ஏன் பெரிய எழுத்தில், அதுவும் தமிழில்?

இதுவரை போனது மொத்தம் எவ்வளவு என்று அக்கா கேட்டாள். அது சிஸ்டத்தில் உடனே வராதாம், மெயில் அனுப்புகிறார்களாம். எடுக்கத் தெரிந்த சிஸ்டத்துக்கு எடுத்ததைச் சொல்லத் தெரியாதா?

டீச்சர் பணத்தோடு வைத்துப் பார்த்து நாங்களே கணக்குப் போட்டோம். கிறிஸ்துமஸுக்குச் சேர வேண்டிய தொகை, ஈஸ்டர் தாண்டித்தான் சேரும். 'கமிஷன் வருடத்துக்கு ஒரு சதவீதம்தானே' என்கிறார்களே, அந்த ஒரு சதவீதம் இதுதான். இடுப்பு ஒடிந்த மனிதர் இன்னும் சில மாதம் வலை இழுக்க வேண்டும்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அக்கா, "அவருட்ட எப்படிலே சொல்லுவேன்?" என்றாள்.

இனிக் கட்டுவதை டைரக்டுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். நீங்களும் இன்றைக்கே உங்கள் ஆப்பைத் திறந்து, ஃபண்டின் பெயருக்குப் பின்னால் என்ன வார்த்தை இருக்கிறது என்று பாருங்கள். 'ரெகுலர்' என்று இருந்தால், கட்டணம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். என் பணத்திலிருந்து யார் யாருக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். கூச்சப்பட வேண்டியது நாம் இல்லை.

தூத்துக்குடி போய்வந்த மறுநாள் காலை ஏலத்தில் அண்ணாச்சி வழக்கம்போலக் கமிஷனைப் பிடித்துக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றிருக்கிறார். அக்கா பணத்தை வாங்கிக்கொண்டு, "நீங்க நல்லவரு அண்ணாச்சி" என்றாளாம்.

மனிதர் பயந்துபோய், அத்தானுக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று கேட்டாராம்.