லிஃப்ட்காரரின் டிஜிட்டல் டைரி

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு ஓடுவதால் கம்பெனியில் அவருக்கு ‘வெந்நீர்’ என்றே பேர். சட்டைப்பையில் ஒரு பழைய டிஜிட்டல் டைரி வைத்திருப்பார், உள்ளங்கை அளவு. எந்தக் கட்டடத்து லிஃப்ட் எதற்கு மக்கர் பண்ணும், எதைத் தொட்டால் கிளம்பும் என்று பல வருஷமாக அதோடு வந்த பிளாஸ்டிக் குச்சியால் அதன் திரையில் எழுதி வைத்திருந்தார். பேட்டரி மாற்றக் கொஞ்சம் தாமதமானாலும் எல்லாம் அழிந்துவிடும். மாற்றி முடிக்கும்வரை வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது.

போன மாதம் மேனேஜர் ஒரு புதுக் கம்ப்யூட்டரை வீட்டுக்கே கொண்டுவந்து வைத்தார்.

“டைரியில இருக்குறதையெல்லாம் இதுல ஏத்திக் குடுத்துடுங்க. அப்புறம் நிம்மதியா ஓய்வெடுக்கலாம்.”

ஏற்றிக் கொடுத்த மறுநாளே தன் சீட்டுக் கிழிந்துவிடும் என்று இவருக்குப் புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து குட்டி போட்ட பூனையாக அலைந்தார். டைரியின் ஒயர் பழைய காலத்து மாடல், முனையில் ஒன்பது ஓட்டை. கம்ப்யூட்டரில் அதைச் செருக இடமே இல்லை. கடை கடையாக ஏறி ஒரு கன்வெர்ட்டர் வாங்கினார். ஒயர் சேரும் போர்ட் கிடைக்கவில்லை என்றது கம்ப்யூட்டர். போர்ட் நம்பரை மாற்றினார், பழைய சாஃப்ட்வேரைத் தேடிப் போட்டார். சாப்பிடும்போதே எழுந்து போய் ஒயரைப் பிடுங்கிச் செருகுவார். இணையாத ஒவ்வொரு தடவையும் முகத்தில் ஒரு நிம்மதி. கூடவே குடித்தனம் பண்ணுகிறவளுக்கு அதுகூடத் தெரியாதா?

நேற்று மாலை இணைந்தே தொலைத்தது. எதிலிருந்து எதற்கு நகல் எடுக்கட்டும் என்று திரை கேட்டது. காலிக் கம்ப்யூட்டரிலிருந்து டைரிக்கு என்று தேர்ந்தெடுத்துப் பட்டனை அமுக்கினார். டைரியில் ஒரு எழுத்து மிஞ்சவில்லை.

“அவசரத்துல மாறிப்போச்சு” என்றார்.

“எனக்கே காது குத்துறீங்களா?”

“எல்லாம் தலையில இருக்கு. இனிமே நான் இல்லாம அவங்களுக்கு ஒண்ணும் நடக்காது.”

அப்புறம் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் சாப்பிட்டார்.

இன்று காலை மேனேஜர் கூப்பிட்டார். மருத்துவமனை லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கிறது, உள்ளே ஒரு நோயாளி. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை ஓடியவர் அங்கேயே நின்றுவிட்டார். டைரியை எடுத்துப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

“அந்த லிஃப்ட்டுல எந்த ரிலே சுவிட்சு மாட்டிக்கும்னு எப்பவாவது உங்கிட்ட சொல்லியிருக்கேனா?”

சொல்லியிருப்பார். தினமும் ஏதாவது ஒரு லிஃப்ட் கதைதான். ஒன்றுகூட நினைவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.