அண்ணனின் கார்டுக்கு நான் எழுதிக் கொடுத்த தாள்

போன குளிர்காலத்தில் என் மருத்துவ அட்டையைத் தொலைத்துவிட்டேன். மஞ்சள் நிறத்தில், சட்டைப் பையில் அடங்குகிற பிளாஸ்டிக் அட்டை. ‘சுன்ஹெட்ஸ்கோர்ட்’ என்பது அதன் முழுப் பெயர். டென்மார்க்கில் எல்லோரும் மஞ்சள் அட்டை என்றுதான் சொல்வார்கள். கணினியில் உட்கார்ந்து நாலைந்து கட்டங்களை நிரப்பினேன். சில நாளில் தபால் பெட்டியில் புது அட்டை கிடந்தது. ஏன் தொலைத்தாய், எவ்வளவு சம்பாதிக்கிறாய், கூடப்பிறந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இங்கே வந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. இன்னமும் யாரையும் கும்பிடாமல் ஓர் அரசாங்கக் காகிதம் கைக்கு வந்தால், வேறு யாருக்கோ வந்ததைப் பிரித்துவிட்டோமோ என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

இந்த மஞ்சள் அட்டைப் பெருமையை நான் பேசக் கூடாத இடத்தில் பேசினேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஊரிலிருந்து வாசிப்பவர்கள் என்னைத் திட்டலாம், தகும். என்னைப் போல வெளியில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: ஊருக்குப் போனால் அரசாங்க அலுவலகத்தில் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள்.

என் அண்ணன் பெயர் மாதையன். அறுபத்தெட்டு வயது. மொரப்பூரிலிருந்து உள்ளே போகும் ஒரு சின்ன ஊரில், அப்பா விட்டுப்போன மேட்டாங்காட்டில் ராகியும் துவரையும் போட்டுக்கொண்டு, இரண்டு மாடு வைத்துக்கொண்டு இருக்கிறார். பிள்ளைகள் இல்லை. அண்ணனும் அண்ணியும்தான். நான் ஐ.டி.ஐ. முடித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, அவர்கள் அனுப்பி இங்கே காற்றாலை செய்யும் தொழிற்சாலைக்கு வந்தவன். இரண்டு வருட ஒப்பந்தம் என்று சொல்லித்தான் வந்தேன். ஒருமுறை அண்ணன் மாட்டோடு நிற்கும் படத்தைத் தொழிற்சாலையில் காட்டினேன். பக்கத்து மேசைக்காரர் கண்ணை விரித்தார். “உன் அண்ணனுக்குச் சொந்தமாகப் பண்ணை இருக்கிறதா? அப்படியானால் பணக்காரர்தான்!” இந்த நாட்டில் பண்ணை வைத்திருப்பவன் நூற்றுக்கணக்கில் மாடும் மூன்று டிராக்டரும் வைத்திருப்பான். மழை பொய்த்தால் அண்ணன் கூலிக்குப் போவார் என்று நான் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. பணக்கார அண்ணனின் தம்பியாக இருப்பது அன்றைக்குச் சுகமாக இருந்தது.

தை மாதம் அண்ணி போனில் அழுதார். அண்ணனுக்கு மாடு கட்டும்போதே நெஞ்சு அடைத்து, சேலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்தாக வேண்டும், ஒரு மாதத்துக்கு மேல் தள்ளாதீர்கள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அரசாங்கக் காப்பீட்டு கார்டு இருந்தால் கைக்காசு இல்லாமல் நடந்துவிடும். கார்டு இருந்தது. போகிக்கு முன்னால் வீட்டை வெள்ளையடிக்க எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்ட அண்ணி, கிழிந்த மஞ்சப்பை ஒன்றைப் பழைய கரண்ட் ரசீது என்று நினைத்து நெருப்பில் போட்டுவிட்டார். கார்டு அந்தப் பைக்குள்தான் இருந்திருக்கிறது. அதன் நம்பரைத் தேடிப் பார்த்ததில், அது அப்பாவைக் குடும்பத் தலைவராகப் போட்டு எடுத்த கார்டு. அப்பா போய் எட்டு வருடம். அதனால் அண்ணன் பெயரில் புதிதாகத்தான் எடுக்க வேண்டும், வி.ஏ.ஓ.விடம் வருமானம் எழுதி வாங்கி வாருங்கள் என்று தர்மபுரி கலெக்டர் ஆபீசில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

நான் டிக்கெட் போட்டு ஓடினேன். ஓடினேன் என்று எழுதும்போது நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று வார விடுப்பு, திரும்பும் தேதியோடு. போவதற்கு முன் மனைவியிடம் செலவைப் பற்றிப் பேசினேன். “முதல்ல கார்டு கெடைக்குதா பாருங்க” என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அவள் அப்படிச் சொன்னதும் எனக்குள் ஒரு முடிச்சு அவிழ்ந்ததுதான் தப்பு.

வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குக் கிளம்பிய காலையில் அண்ணன் வாசலில் நின்று சட்டைப் பித்தானைப் போட்டபடி, “நீ வூட்டுலயே இருடா. நான் போயிட்டு வந்துடறன். வெயிலு” என்றார். நெஞ்சில் அடைப்பு இருக்கிற மனிதர் எனக்கு வெயிலாயிற்றே என்று கவலைப்படுகிறார் பாருங்கள் என்று உருகிப்போனேன். இரண்டாவது முறையும் சொன்னார். “நீ எதுக்குடா அங்கெல்லாம். உனக்கு அதெல்லாம் ஒத்து வராது.” நான் ஷூ போட்டுக்கொண்டு, முதுகுப்பையை மாட்டிக்கொண்டு, அவருக்கு முன்னால் போய் நின்றேன். அண்ணி என்னவோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் கையைக் காட்டி அடக்கிவிட்டார்.

வி.ஏ.ஓ. முப்பது வயதுகூட ஆகாத பெண். அரூர் பக்கம் என்று அண்ணன் சொன்னார். நல்ல மாதிரி. அண்ணனைப் பார்த்ததும், “உக்காருங்க பெரியவரே, நின்னுகிட்டு இருக்காதீங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். விண்ணப்பத்தை வாங்கி, நிலம் எவ்வளவு, மாடு எத்தனை என்று கேட்டு எழுதத் தொடங்கினார். ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அதற்குள் எனக்கு நாக்கு அரித்தது.

“எங்க நாட்டில் இதெல்லாம் தபாலிலேயே வந்துவிடும், மேடம்” என்றேன். எங்க நாடு என்றுதான் சொன்னேன். அட்டை தொலைந்த கதையைச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்தும் காட்டினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அதை வாங்கிப் பார்த்தார்.

“சார் இவருக்கு என்ன வேணுங்க?”

“சொந்தத் தம்பி.”

“தனியாத்தான் இருக்கீங்களா சார், ஒரே குடும்பமா?”

அண்ணன் என் முழங்கையைத் தொட்டார். நான் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். “ஒரே குடும்பந்தாங்க. நாங்க பிரிஞ்சதே இல்ல” என்றேன். முப்பத்தொரு வருடத்தில் நாலு முறை ஊருக்கு வந்தவன் பேசுகிற பேச்சு அது.

வி.ஏ.ஓ. சங்கடப்பட்டது முகத்தில் தெரிந்தது. “அப்படின்னா உங்க வருமானத்தையும் சேத்துத்தான சார் எழுதணும். இது இல்லாதவங்களுக்குக் குடுக்கற கார்டு. நாளைக்கு ஊருல ஒருத்தர் எழுதிப் போட்டா நான்தான் பதில் சொல்லணும்.” விண்ணப்பத்தை மடித்து ஓரமாக வைத்தார். அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அவர் முகத்தில் கோபமே இல்லை. கறந்த பாலை உதைத்துக் கொட்டிய கன்றைப் பார்ப்பது போலப் பார்த்தார். இதற்குத்தான் என்னை வீட்டிலேயே இரு என்றிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அவன் வேறங்கம்மா, நாங்க வேற” என்றார் அண்ணன். “அவன் பாசத்துல பேசறான். அவனுக்கும் எங்களுக்கும் போக்குவரத்தே கெடையாது.”

வெளியே பட்டாவுக்காகக் காத்திருந்த பச்சையம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்து வீடு. வி.ஏ.ஓ. கேட்டதற்கு அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “இவரு எங்கங்க குடுத்தாரு? வருவாரு, மாட்டுகிட்ட நின்னு போட்டோ புடிப்பாரு, போயிடுவாரு. போன தடவ எங்களுக்கெல்லாம் ஆளுக்கு நாலு சாக்லேட்டு குடுத்தாரு. அதும் கசப்பு.” காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். வி.ஏ.ஓ.வும் உதட்டைக் கடித்துக்கொண்டார். பச்சையம்மா என்னைப் பார்த்து, “தப்பா எடுத்துக்காதீங்க, கார்டு வாங்கணுமில்ல” என்றார். அண்ணனுக்காகப் பொய் சொல்லிவிட்டதாக அவர் நினைத்திருக்கலாம். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதிலும் அந்தச் சாக்லேட் கசப்புதான்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் ஒன்று இருந்தது. கார்டு வேண்டாம், வாங்க அண்ணா, செலவை நான் பார்த்துக்கிறேன் என்பது. எனக்கு அது முடியாத காரியம் இல்லை. சிரமம்தான். மகள் வீடு வாங்குகிறாள், நான் ஓய்வு பெறப் போகிறேன், இப்படி வரிசையாகக் காரணங்கள் வந்து நின்றன. எல்லாம் நிஜமான காரணங்கள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் பார்க்கவில்லை. பச்சையம்மா சொன்னதைக் கேட்டு வி.ஏ.ஓ. தலையாட்டியபோது, எனக்கு அவமானத்தோடு கூடவே நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியை இன்றைக்கு வரைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

“அப்ப சார் ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்க. நான் சொல்றேன்” என்று வி.ஏ.ஓ. ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எனக்கும் என் அண்ணன் மாதையனுக்கும் கூட்டுக் குடும்பம் எதுவும் இல்லை. நாங்கள் தனித்தனிக் குடும்பமாக வாழ்கிறோம். அவருக்கு நான் எந்த உதவியும் செய்வதில்லை. அவருடைய மருத்துவச் செலவை ஏற்கும் நிலையில் நான் இல்லை. இங்கே வந்தபின் பேனா பிடித்துத் தமிழில் எதுவும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. செல்போனில் தட்டுவதோடு சரி. ‘ஏற்கும்’ என்பதற்கு வல்லின றகரமா என்று ஒரு கணம் நின்றேன். வரி கோணாமல் வந்தது. கையெழுத்துப் போட்டேன். அண்ணன் அதைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து முழுதும் படித்தார். “உனக்கு எழுத்து இன்னும் அப்படியேதான்டா இருக்குது” என்றார். பிறகு எதிர்க்கடைக்குப் போய் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்து தாளைக் கொடுத்தார். எந்தக் காகிதமானாலும் ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வைப்பது, கார்டு எரிந்த பிறகு அவருக்கு வந்த பழக்கம்.

மறுநாள் தர்மபுரியில் அண்ணனையும் அண்ணியையும் உட்காரவைத்துப் படம் எடுத்து, விரல் ரேகை வைத்து, நம்பர் கொடுத்துவிட்டார்கள். நான் வெளியே புங்க மரத்தடியில் நின்றுகொண்டேன். உள்ளே போகப் பயமாக இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணி மட்டும், “நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. எழுத்துல இருக்கறதெல்லாம் உண்மையாயிடுமா?” என்றார். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி, காரிமங்கலம் சந்தைக்குப் போகிற மாடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். என் விடுப்பு முடிந்து ஆறாம் நாள் அறுவை. டிக்கெட்டை மாற்றலாமா என்று ஒருமுறை கேட்டேன். ஒருமுறைதான். “எதுக்குடா, அண்ணி இருக்கறா இல்ல” என்றார். நான் விமானம் ஏறிவிட்டேன். அறுவை நல்லபடியாக முடிந்தது. வீடியோவில் சட்டையை விலக்கி நெஞ்சுத் தழும்பைக் காட்டிச் சிரித்தார்.

இங்கே வந்து இரண்டு மாதத்தில் எனக்கும் தொழிற்சாலைப் படி ஏறும்போது மூச்சு வாங்கியது. என் மருத்துவர் கணினியைப் பார்த்தபடி கேட்டார். “பெற்றோர், உடன்பிறந்தவர்கள் யாருக்காவது இதய நோய் உண்டா?”

“அண்ணனுக்கு. பைபாஸ் நடந்தது” என்றேன். தயங்கவே இல்லை. எனக்கு என்றதும் உறவு எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது பாருங்கள்.

“நல்ல வேளை சொன்னீர்கள். அப்படியானால் உங்களைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும்.” அந்த வாரத்திலேயே பெரிய மருத்துவமனையில் நேரம் குறித்தார். அண்ணனின் மருத்துவ அறிக்கைகள் கிடைத்தால் உதவியாக இருக்கும் என்றார். “நீங்கள் அப்போது அவருடன் இருந்தீர்களா?” என்றும் கேட்டார். “போயிருந்தேன்” என்றேன். அவர் மகிழ்ந்து தலையாட்டினார். இன்னொரு முறை நான் விளக்காமல் இருந்தேன்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். “உனக்கு என்னாச்சுடா? மூச்சு வாங்குதா? எனக்கும் அப்படித்தான்டா ஆரம்பிச்சுது. அலட்சியமா உட்டுடாத” என்று அவர் குரல் உடைந்தது. வண்டியில் உட்காரக் கூடாது என்று சொல்லியிருந்ததால், ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நெஞ்சைப் பிடித்தபடி, ஜெராக்ஸ் கடை வரைக்கும் நடந்தே போயிருக்கிறார். அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்கத் தெரியாமல் ஃபைலில் இருந்த மொத்தத்தையும் படம் எடுத்து அனுப்பிவிட்டார். நானும் பிரித்துப் பார்க்காமல் மருத்துவருக்கு அனுப்பிவைத்தேன்.

அடுத்த முறை போனபோது அவர் ஒவ்வொன்றாகத் திரையில் நகர்த்திக்கொண்டு வந்தார். எல்லாம் ஆங்கிலத்தில் அச்சடித்தவை. கடைசியில் நின்றார். “இது மட்டும் கையால் எழுதியிருக்கிறது. உங்கள் மொழியா? எவ்வளவு அழகான எழுத்து! என்ன இது?”

வரி கோணாத என் எழுத்து. கீழே என் கையெழுத்து.

“அது... குடும்ப விஷயம்” என்றேன்.

“ஆ, ஃபமீலியெ” என்று அவர் புரிந்துகொண்டது போலச் சிரித்து, மற்றதோடு அதையும் சேர்த்துச் சேமித்தார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அண்ணனும் நானும் ஒரே குடும்பம் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்த தாள், இந்த நாட்டில் என் மருத்துவப் பதிவில், குடும்ப வரலாறு என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது.