ஞாயிறு மாலைகளில் வந்த அழைப்பு

பாண்டிக்குப் பக்கத்தில், நோணாங்குப்பம் படகு குழாமில், சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் எடுத்துக் கொடுப்பது என் வேலை. கொடுப்பதோடு முடியாது, போட வைக்க வேண்டும். போட்டோவில் சட்டை தெரியாது என்று பாதிப் பேர் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார்கள். அவர்களைப் பார்த்துக் கத்த வேண்டும். நானோ நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன். சனி, ஞாயிறுகளில் சென்னை, பெங்களூர்க் கூட்டம் வந்து நெருக்கும்போது என் குரல் எனக்கே கேட்காது. படகு ஓட்டுகிறவர் பின்னாலிருந்து, "யோவ் சாமியாரே, காதுல மந்திரமா ஓதற? சத்தமா சொல்லுய்யா!" என்பார். கூட்டம் சிரிக்கும்.

சாமியார் என்ற பெயர் நான் தியானத்துக்குப் போக ஆரம்பித்த பிறகு வந்தது. நாங்கள் குடியிருக்கும் சாரம் பகுதியில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், ஒரு வீட்டு மாடியில் சிலர் கூடி உட்காருவார்கள். அங்கே யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கு முதலில் பிடித்ததே அதுதான். பிறகு வீட்டிலும் தினமும் மாலையில் மொட்டை மாடியில் உட்காரத் தொடங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கண்ணை மூடிக் கொஞ்ச நேரத்தில், "வா" என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. திருவண்ணாமலை மலை அப்படியே கண்ணுக்குள் நின்றது. உடம்பெல்லாம் சிலிர்த்து, அழுதுவிட்டேன். அதன் பிறகு அது அடிக்கடி வந்தது. வரவரக் காட்சிகளும் கூடின. காவி வேட்டியில் நான் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுகிறார்கள். ஒரு நாள் எங்கள் படகு குழாம் அதிகாரிகூட அந்தக் காட்சியில் வந்து, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கார்த்திகை தீபத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். என் மனைவி தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னக் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது சொன்னேன்.

"ஏன்யா, ஊர்ல உள்ளவன்லாம் சாமியத் தேடிப் பாண்டிக்கு வர்றான். நீ இங்கேர்ந்து கெளம்பறியா?" என்று சிரித்தாள்.

"வெளையாட்டு இல்ல. சாமி கூப்புடுது."

என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "கூப்புட்டா போ" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். எதிர்ப்பு இல்லாமல் காரியம் முடிந்ததையும் ஒரு அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு மழை பிடித்தது. ஆற்றில் செந்தண்ணீர் வந்து, படகுகளை நிறுத்திவிட்டார்கள். கூட்டமே இல்லை. ஜாக்கெட்டுகளை அலசிக் கொட்டகையில் காய வைப்பது மட்டுமே வேலை. அந்த நாட்களில் தியானம் எனக்கு நன்றாக அமைந்தது. ஆனால் குரல் மட்டும் வரவில்லை. என்ன தப்பு செய்தேனோ என்று பயந்து, காலையிலும் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

அந்த மழை நாட்களில் ஒன்று நடந்தது. ஒரு ஜாக்கெட்டை அலசிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் கத்துகிற வேலை என்னால் முடியவில்லை என்று அதிகாரியிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதில் சிலிர்ப்பும் இல்லை, காட்சியும் இல்லை. யாரோ ஒரு பொருளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. உடனே அதைத் தள்ளிவிட்டேன். அவரிடம் போய்ப் பேசுவதைவிடத் துறவியாகப் போவது எனக்கு எளிதாக இருந்தது.

தீபத்துக்கு முன்னால் வந்த வாரக் கடைசியில் வெயில் அடித்தது. படகு விட்டார்கள். அடைபட்டுக் கிடந்த ஊரெல்லாம் திரண்டு வந்தது போலக் கூட்டம். அந்த ஞாயிறு மாலை மாடியில் போய் உட்கார்ந்தேன். நாள் முழுக்கக் கத்தியதில், எச்சில் விழுங்க முடியாமல் தொண்டை எரிந்தது. கண்ணை மூடியதும், "வா" என்றது குரல், முன்னைவிட உரக்க.

இந்த முறை எனக்கு அழுகை வரவில்லை. எரிகிற தொண்டையைக் கையால் பிடித்தபடி, அது வந்த மாலைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாமே இப்படித் தொண்டை கட்டிய மாலைகள்தான். நான் கடவுளைத் தேடவில்லை. கத்த வேண்டாத ஓர் இடத்தைத் தேடியிருக்கிறேன். அப்படி ஓர் இடத்துக்கு ஏங்குவது தப்பென்று இப்போதும் நான் நினைக்கவில்லை. அதைக் கடவுளின் குரல் என்று எடுத்துக்கொண்டதுதான் கோளாறு.

மழை நாளில் தோன்றிய, அதிகாரியிடம் போகச் சொன்ன அந்த மற்ற எண்ணம் வைத்த இடத்திலேயே இருந்தது. கூப்பிடவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. கசப்பானதெல்லாம் உண்மையாகிவிடாது என்று எனக்குத் தெரியும். பயமும் அப்படி வரலாம். ஆனால் அதில் என்னைப் பெரியவனாகக் காட்டுகிற எதுவும் இல்லை. அதை நம்புவதற்கு எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் அதிகாரியின் அறைக்குப் போனேன்.

"என்னப்பா?"

"சார், எனக்குக் கூட்டத்துல கத்த வரல சார். ஜாக்கெட்டு அலசறது, கயிறு புடிக்கிறது, எது குடுத்தாலும் செய்றேன்."

"இதச் சொல்லவா இப்புடி வேர்த்து நிக்கிற? உன் எடத்துல யாரப் போடறது?"

"தெரியல சார்."

"சரி போ, பாக்கலாம்."

அவ்வளவுதான். இதை எழுதுகிறவரை அந்தப் 'பாக்கலாம்' பாக்கலாமாகவே இருக்கிறது.

அன்று மாலை மனைவி கம்பெனியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, திருவண்ணாமலைக்குப் போகவில்லை என்று சொன்னேன்.

"ஏன், சாமி வேணாம்னுடுச்சா?"

"கூப்புட்டது சாமி இல்ல. நாந்தான்."

"அது எனக்கு அப்பவே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"என்னான்னு சொல்றது? கூட வேலை செய்யறவன் கூப்புடறான்னா சண்ட போடலாம். சாமியே கூப்புடுதுன்னு வந்து நிக்கிற ஆளுகிட்ட நான் என்னாத்தப் பேசறது?"

அவள் முகம் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"கம்பெனில நைட் ஷிப்டு கேட்டு வெச்சிருந்தேன்" என்றாள். "ஒருத்தியா வூட்ல படுக்க பயமா இருக்கும்னு. நாளைக்குப் போயி வேணாம்னு சொல்லணும். அந்த சூப்பர்வைசர் என்ன கத்து கத்துவானோ."

நானும் கம்பெனி வாசல் வரைக்கும் வருகிறேன் என்றேன். "நீ வந்து என்னா பேசப் போற?" என்றாள். ஆனால் வர வேண்டாம் என்று சொல்லவில்லை.